இரண்டு வாரத்தை விட்டுவிட்டு ஓட்டிய பேக்டெஸ்ட்

அன்று ஆபீஸில் இருந்தவர்கள் நான்கு பேர். முதலாளி முரளி சார். அவர் மனைவி பத்மா மேடம். சாஃப்ட்வேர் விற்க வந்த கிரண். ஆர்டர் போடும் ஸ்டெல்லா, அதாவது நான். சனிக்கிழமை, மார்க்கெட் இல்லை. கிளையண்ட் யாரும் வரவில்லை.

ஆஸ்டின் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேலே எங்கள் ஆபீஸ். ஷேர் புரோக்கர் கம்பெனி ஒன்றுக்குச் சார் சப்-புரோக்கர். நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள். போன் எடுக்க வந்து, மெல்ல ஆர்டர் போடும் டெர்மினலில் உட்கார்ந்து, அதற்கான பரீட்சையை மூன்றாம் முறை எழுதிப் பாஸ் செய்தேன். எனக்குப் பயம் அதிகம். கிளையண்ட் சொல்லும் ஆர்டரை அவருக்கே இரண்டு முறை படித்துக் காட்டுவேன். பூட்டிய கதவை, பாதிப் படி இறங்கிய பிறகு திரும்ப ஏறிப்போய் இழுத்துப் பார்ப்பேன். “ஸ்டெல்லா போட்ட பூட்டைத் திருடன்கூட ரெண்டு தடவை உடைக்கணும்” என்பார் சார்.

1. சாஃப்ட்வேர் எதற்கு

நிஃப்டி ஃப்யூச்சர்ஸுக்குச் சார் ஒரு ரூல் வைத்திருந்தார். சந்தை மூன்று நாள் தொடர்ந்து இறங்கினால் வாங்குவது. ஐந்தாம் நாள் விற்பது. அதைச் சொந்தக் கணக்கில் செய்ய ஆசை. மார்ஜினுக்கு, அதாவது முன்பணமாகக் கட்டி வைக்க, எட்டு லட்சம் வேண்டும். அது பத்மா மேடம் அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோது வந்த பணம்.

மேடம் மறுக்கவில்லை. “பழைய வருஷங்கள்ல இந்த ரூல் என்ன பண்ணியிருக்கும்னு எனக்குக் காட்டுங்க. அப்புறம் செக்ல கையெழுத்து போடறேன்” என்றார். அப்படிப் பழைய விலைகளை வைத்து ரூலை ஓட்டிப் பார்ப்பதுதான் பேக்டெஸ்ட்.

சாரின் அவசரத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். கொரோனா வந்த மார்ச்சில் சார் கையில் நிஃப்டி ஃப்யூச்சர்ஸ் இருந்தது. சந்தை விழ விழ, மார்ஜின் கட்டச் சொல்லி போன் வந்துகொண்டே இருந்தது. மேடம் ஆறு வளையல்களையும் கழற்றிக் கொடுத்தார். அந்த வளையல் கடனுக்காக மாதம் பத்தாயிரம் மேடத்தின் கணக்குக்குப் போகிறது. அனுப்புவது நான்தான். “இது மட்டும் ஓடினா அவளுக்கு ஒரே தடவையில அடைச்சிடுவேன் ஸ்டெல்லா” என்று சார் அடிக்கடி சொல்வார்.

2. மூன்று சாஃப்ட்வேர்

முதலாவது இலவசம். ஆனால் கோட் எழுதத் தெரிய வேண்டும். ஐடியில் இருக்கும் சாரின் அண்ணன் மகன் “சண்டே வரேன் சித்தப்பா” என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னான்.

இரண்டாவது கிரண் கொண்டுவந்தது. மவுஸாலேயே ரூல் போடலாம். லாபம் பச்சையாக மின்னும். வேண்டாத நாட்களை டெஸ்டிலிருந்து நீக்க ஒரு டிக் பாக்ஸ் உண்டு.

மூன்றாவதற்கு மாத வாடகை. பார்க்கவும் அழகில்லை, ஓடவும் நேரமாகும். புரோக்கரேஜ், வரி, நாம் கேட்ட விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசமான ஸ்லிப்பேஜ், இவற்றையெல்லாம் நிரப்பினால்தான் நகரும். ஒரு மாத ஃப்யூச்சர்ஸ் கான்ட்ராக்ட் முடிந்தால் அடுத்த மாதத்தோடு அதுவே கோர்த்துக்கொள்ளும். நடுவில் எந்த நாளையும் நீக்க விடாது.

சாருக்குக் கிரணுடையது பிடித்துவிட்டது.

3. டிக் பாக்ஸ்

கிரணின் லேப்டாப்பில் நான்தான் ரூலைப் போட்டேன். மேடம் என் பின்னால் நாற்காலி இழுத்து உட்கார்ந்தார்.

“ஸ்டெல்லா, அந்த மார்ச்ல ரெண்டு வாரத்தை மட்டும் எடுத்துடு. டேட்டா சரியில்ல” என்றார் சார், சுவரைப் பார்த்தபடி.

டேட்டா சரியாகத்தான் இருந்தது. அந்த இரண்டு வாரமும் இதே அறையில் நானும் இருந்தேன். சந்தையையே நிறுத்திவைத்த காலையில், சாரின் கை மவுஸின் மேல் அப்படியே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

“பத்து வருஷ டேட்டா சார். ரெண்டு வாரம் போனா ஏனூ ஆகல்ல, ஒண்ணும் ஆகாது” என்று கிரண் கன்னடம் கலந்து தைரியம் சொன்னார்.

சொன்னால் முதலாளிக்கு வருத்தம். சொல்லாவிட்டால் மேடத்தின் பணம். வழி தெரியாமல், எப்போதும் செய்வதையே செய்தேன். “சார், ரெண்டு தடவை ஓட்டிடறேன். எடுத்து ஒண்ணு, எடுக்காம ஒண்ணு. இல்லேன்னா எனக்கு ராத்திரி தூக்கம் வராது.”

“உனக்கு என்னைக்கு வந்திருக்கு?” என்றார் சார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டு கோடுகளும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. ஒன்று மாடிப்படிபோல ஏறிக்கொண்டே போனது. இன்னொன்றும் அப்படியே ஏறி, ஓரிடத்தில் நேராகக் கீழே விழுந்தது. அதுவரை சேர்ந்த லாபமும் போய், எட்டு லட்சத்தில் பாதியும் போயிருந்தது.

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “ஏங்க, இது மட்டும் ஏன் இங்க விழுது?”

கிரண் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன். சார்தான் பேசினார்.

“அது அந்த வாரம், பத்மா. நீ வளையலைக் கழட்டிக் குடுத்த வாரம்.”

“அதை எதுக்கு எடுக்கச் சொன்னீங்க?”

“பார்க்க முடியலம்மா.”

மேடம் திரையில் அந்தப் பள்ளத்தின் மேல் விரலை வைத்தார். “அந்த ரெண்டு வாரமும் நானும் வீட்லதான இருந்தேன். தட்டுல சோறு போட்டா, அதையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பீங்க. நான் எங்க டிக் பண்ணி அதை எடுக்கறது?”

“உன் பாக்கியைச் சீக்கிரம் குடுத்துடணும்னுதான்…”

“நான் கேட்டேனா? மாசா மாசம் வருதில்ல, வரட்டும். அஞ்சாம் தேதி பேங்க் மெசேஜ் வந்தா, இந்த மாசமும் நீங்க எதுலயும் மாட்டிக்கலைன்னு எனக்கு ஒரு நிம்மதி.”

கிரண் குறுக்கே வந்தார். “மேடம், நம்ம சாஃப்ட்வேர்ல எடுக்காமலும் ஓட்டலாம்.”

“ஓட்டலாம்ப்பா. ஆனா இவர் எடுத்துடுவார்” என்றார் மேடம்.

முதலில் சிரித்தது சார்தான். கீழே பேக்கரியிலிருந்து நான்கு பஃப்ஸ் வரவழைத்தார். விற்பனை போனாலும் கிரண் பஃப்ஸை விடவில்லை.

4. பிறகு

மூன்றாவதை வாடகைக்கு எடுத்தோம். சார் ரூலை மாற்றி மாற்றிப் போடுகிறார், நஷ்டம் ஓர் அளவைத் தாண்டினால் தானே விற்றுவிடும் ஸ்டாப் லாஸ் சேர்த்தார், வாங்கும் லாட்டைக் குறைத்தார். ஒவ்வொரு முறையும் மேடம் வந்து முதலில் அந்த மார்ச்சைத்தான் பார்ப்பார். பள்ளம் சின்னதாகி வருகிறது. செக் இன்னும் கையெழுத்தாகவில்லை. சாரும் இப்போது அவசரப்படுத்துவதில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சாஃப்ட்வேர் எடுக்கும்போது, அது காட்டும் லாபத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். செலவையெல்லாம் கேட்கிறதா, கான்ட்ராக்ட்டைச் சரியாகக் கோர்க்கிறதா என்று பாருங்கள். பிறகு உங்களுக்கு மிக மோசமாகப் போன நாளை அதில் போட்டுப் பாருங்கள். அந்த நாளை உங்கள் வீட்டில் யார் உங்களோடு தாங்கினார்களோ, அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஐந்தாம் தேதி. கணக்கு எண்ணை இரண்டு முறை சரிபார்த்துப் பத்தாயிரம் அனுப்பினேன். முரளி சார் பத்மா மேடத்துக்குத் இனி தர வேண்டிய பாக்கி, ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்.