ராஜாவைத் தெருவில் வைத்துத்தான் வெட்டினோம்

அந்த வருஷ மழையில் நெற்குப்பைப் பள்ளிக்கூடத்தில் ஒரு பக்கத்து ஓடு சரிந்துவிட்டது. அடுத்த தெருச் செட்டியார் வீட்டு ஆச்சி ஒருவர், எட்டாம் வகுப்பைத் தம் வீட்டு முன்கூடத்தில் நடத்திக்கொள்ளச் சொன்னார். வாடகை கேட்கவில்லை. நான் பிரெஞ்சுப் புரட்சியைத் தொடங்கும் வரை வேறெதுவும் கேட்கவில்லை.

எனக்கு வேலை புதுசு. புரட்சி என்றால் உடம்பெல்லாம் சூடேறும். ஊரெல்லாம் கொடியும் கோஷமுமாகக் கிடந்த காலம், நான் மட்டும் சும்மா இருப்பேனா? ராஜாவின் தலை விழுந்த கட்டத்தைக் கையை ஓங்கி மேஜையில் அடித்தே சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். மணி அடித்ததும் உள்ளிருந்து ஆச்சி வந்தார். நாற்பது வயதிருக்கும். முகம் வெளிறியிருந்தது.

ஆச்சியின் கணவர் பர்மாவில் கடை வைத்திருந்தார். அங்கே புரட்சி அரசு வந்து கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டுவிட்டது. போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருக்க, இவர் மட்டும் வரவில்லை. எப்படி இருக்கிறார் என்றும் தெரியவில்லை. விளக்கை அணைப்பதைக்கூட 'குளிர வைப்பது' என்று சொல்லும் வீடு அது. அங்கே நான் பட்டப்பகலில் ஒரு ராஜாவை நடுக்கூடத்தில் போட்டு வெட்டியிருக்கிறேன்.

"அவுக வந்து சேர்ற வரைக்கும் இங்க யாரையும் சாகடிக்காதீக டீச்சர்," என்றார் ஆச்சி. அழுதுவிடுவார் போலிருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உலக சரித்திரத்தில் சாகாதவர் யார் இருக்கிறார் என்று யோசித்தேன்.

மறுநாள் ராணியின் கதையை 'பதவி இழந்தார்' என்று முடிக்கப் பார்த்தேன். பிள்ளைகள் விடவில்லை. அப்புறம் எங்கே போனார், சாப்பாட்டுக்கு என்ன செய்தார் என்று துளைத்தெடுத்தார்கள். வேறு வழியில்லாமல் வகுப்பையே எழுப்பித் தெருவுக்குக் கூட்டிப்போய், வேப்பமரத்தடியில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். திரும்பும்போது, கால் கழுவாமல் யாரும் வீட்டுக்குள் போகக்கூடாது என்று பிள்ளைகளே சட்டம் போட்டார்கள். பெரியவர்கள் சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போய்வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா.

அதுவே பிறகு வழக்கமாகிவிட்டது. உடன்படிக்கை, வரி, சட்டம் எல்லாம் உள்ளே. போரும் கொலையும் வெளியே. நாங்கள் வரிசையாக வருவதைப் பார்த்தாலே எதிர்ச் சோடாக்கடைக்காரர், "இன்னைக்கு யாரு டீச்சர்?" என்று விசாரிப்பார்.

சோதனைக்கு வந்த பள்ளிக்கூட இன்ஸ்பெக்டருக்கு இதெல்லாம் தெரியுமா? ஒரு பையனை எழுப்பி, பிரான்சு ராஜா கடைசியில் என்ன ஆனார் என்று கேட்டார். அவன் உள்கட்டுக் கதவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு ரொம்பப் பணிவாக, "வெளிய வாங்க சார், சொல்றேன்," என்றான்.

பையன் சண்டைக்குக் கூப்பிடுகிறான் என்று நினைத்து இன்ஸ்பெக்டர் எழுந்தேவிட்டார். என் வேலை போயிற்று என்றே முடிவு கட்டினேன். தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னதும், மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு மரத்தடிக்கு நடந்தார். பதிலைக் கேட்டுவிட்டு, கால் கழுவித்தான் உள்ளே வந்தார்.

தை பிறந்து சில நாளில் ஆச்சியின் கணவர் வந்து சேர்ந்தார். ஒரு டிரங்குப் பெட்டியும் குடையும்தான் மிச்சம். ஆச்சி வகுப்பு முழுவதற்கும் வெள்ளைப் பணியாரம் சுட்டுக் கொடுத்தார். "இனிமே யாரை வேணும்னாலும் உள்ளேயே வச்சு வெட்டுங்க டீச்சர்," என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த பாடம் ரஷ்யப் புரட்சி. ஆச்சியின் கணவர் கூடத்து மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளின் சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது. ஆச்சி கொடுத்த உத்தரவுப்படி ரஷ்ய ராஜாவை உள்ளேயே வைத்து முடித்தேன். அதற்கடுத்தது, வியாபாரிகளின் கடைகளையும் ஆலைகளையும் புரட்சி அரசு எடுத்துக்கொண்ட கதை. அதில் யாரும் சாவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான். சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றேன்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், இதுக்கும் வெளிய போயிருவமா?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் வகுப்பே எழுந்து வாசலுக்கு நடந்தது.