கழித்துக் கட்டிய லைஃப் ஜாக்கெட்டுகள்

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் பையில் ஒரு தையல் பிரிந்திருந்தால் போதும், செக்கரக்காவுக்கு இருப்புக் கொள்ளாது. இறங்குவதற்குள் எப்படியாவது அதைச் சொல்லிவிடுவாள். சிலர் நன்றி சொல்வார்கள், சிலர் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு முறைப்பார்கள். அவள் கண் அப்படிப் பழகிய கண். ராணுவக் கிடங்கின் பழுதுபார்க்கும் பட்டறையில் பதினெட்டு வருஷம் கூடாரம், கயிறு, தோள்பை, லைஃப் ஜாக்கெட் என்று கையில் வந்ததையெல்லாம் தடவிப் பார்த்து நல்லதையும் கெட்டதையும் பிரித்தவள். சரக்கைச் செக் பண்ணுகிறவள் என்பதால் செக்கரக்கா என்று பட்டறை வைத்த பெயர். வேலை போன பிறகும் பெயர் மட்டும் போகவில்லை.

வேலை போன கதை இதுதான். பட்டறையில் சரக்கைச் சோதிக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு பித்தளை முத்திரை. அவளுடையது இருபத்தேழு. சரக்கு தேறினால் காலர் மடிப்புக்கு உள்ளே மாதம், வருஷத்தோடு முத்திரை விழும். தேறாவிட்டால் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டிக் கழிவுக் குவியலில் போடுவாள். சாயங்காலம் முத்திரைகளை எல்லாரும் கிடங்கு மேலாளரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். அவற்றை அவர் தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டுவார்.

ஒரு வருஷம் இலவம் பஞ்சு அடைத்த பழைய ஜாக்கெட்டுகள் ஒரு கட்டு வந்தன. அந்தப் பஞ்சைச் சிறு சிறு பிளாஸ்டிக் பைகளில் காற்றுப் புகாமல் அடைத்துத்தான் ஜாக்கெட்டுக்குள் வைத்துத் தைத்திருப்பார்கள். பையில் கீறல் விழுந்தால் பஞ்சு தண்ணீர் குடிக்கும். மிதக்க வைக்க வேண்டியது, மாட்டிக்கொண்டவனையே உள்ளே இழுக்கும். செக்கரக்கா அந்தக் கட்டு முழுவதற்கும் சிவப்பு நூல் கட்டினாள். பத்து நாள் கழித்து, புதிதாகச் சேர்ந்த சிப்பாய்கள் ஆற்றைக் கடக்கும் பயிற்சியில் பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன் மூழ்கிப்போனான். அவன் ஜாக்கெட்டின் காலர் மடிப்பைத் திருப்பிப் பார்த்தபோது இருபத்தேழாம் நம்பர் பளிச்சென்று இருந்தது.

விசாரணை அறையில் மூன்று அதிகாரிகள். அவள் சிவப்பு நூல் கட்டியதைச் சொன்னாள். நூல் எங்கே என்று கேட்டார்கள். வெட்டிய நூல் சாட்சி சொல்லுமா? மேலாளர் குரலை உயர்த்தக்கூட இல்லை.

"சீல் அவங்களோடதுதான் சார். நல்ல வேலைக்காரிதான், குறை சொல்லல. ஆனா கண்ணு முன்ன மாதிரி இல்ல."

அவளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயசு. இருட்டில்கூட ஊசியில் நூல் கோப்பாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஆனது. வெளியே வரும்போது மேலாளர் அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நிமிஷத்திலிருந்து அவள் மனசில் அவர் 'அவன்' ஆனான்.

அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் வாடகை வீட்டின் முன்னறையில் பள்ளிச் சீருடை, ஜன்னல் திரை, ஜிப் மாற்றுவது என்று ஓட்டினாள். அவள் கணவர் லாரி எடை மேடையில் வேலை பார்ப்பவர், சண்டை சச்சரவு ஆகாதவர். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று விட்டுவிடச் சொல்வார். தலைப்பாகை பத்திரமாகத்தான் இருக்கிறது, போனது தலைதான் என்பாள் இவள். ஒரு பெண்ணின் கவனக்குறைவால் ஒரு பையன் செத்தான் என்ற பேச்சு வீடு மாறினாலும் பின்னாலேயே வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

போன மழைக்காலத்தில் ஆற்றுத் துறையில் ஒரு பயணிகள் படகு கவிழ்ந்து இரண்டு பேர் போனார்கள். அதற்குப் பிறகு லைஃப் ஜாக்கெட் இல்லாத படகை எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. செக்கரக்காவின் தம்பி படகுக்காரர் சங்கத்தின் செயலாளர். பழைய ராணுவச் சாமான் விற்கும் கடை ஒன்று கடைத்தெருவின் கோடியில் புதிதாகத் திறந்திருப்பதாகவும், அங்கே அறுபது ஜாக்கெட் புது விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைப்பதாகவும் சொன்னான். கயிறு, தண்ணீர் கேன், கம்பளி எல்லாம்கூட இருக்கிறதாம். வாங்கலாமா வேண்டாமா என்று அக்கா வந்து ஒரு பார்வை பார்த்துச் சொன்னால் சங்கம் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் என்றான். அவளும் கிளம்பினாள்.

கடைக்குள் ரப்பரும் அந்துருண்டையும் கலந்த வாசனை. மேலே வரிசையாகத் தொங்கிய விஷவாயு முகமூடிகள் சுரைக்காய்ப் பந்தல் மாதிரி இருந்தன. அவற்றுக்குக் கீழே, மை பூசிய தலையும் தங்க நிறக் கண்ணாடியுமாகக் கல்லாவில் உட்கார்ந்திருந்தான் அவன்.

ஓடவோ, கத்தவோ, முகத்தில் காறித் துப்பவோ எதற்கும் அவள் தயாராக இல்லை. அவன் எழுந்து வந்து, "வாங்கம்மா" என்றான். அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு பொம்பளையின் பதினெட்டு வருஷத்தைக் குழி தோண்டிப் புதைத்தவனுக்கு அவள் முகம்கூட ஞாபகம் இல்லை. அவன் செய்ததையெல்லாம்விட அதுதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது.

"கடையில விக்கிற பொம்மைச் சரக்கு இல்லம்மா இது" என்று அவன் ஜாக்கெட்டைத் தட்டிக் காட்டினான். "சிப்பாய் உயிரக் காப்பாத்துனது. ஒரு நாள் முழுக்கத் தண்ணில கெடந்தாலும் மெதக்கும். சந்தேகம்னா நானே போட்டுக்கிட்டுக் குதிக்கிறேன்."

"குதிக்கிறீங்களா?" என்றாள்.

அவன் சிரித்தான். தம்பியும் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், கொஞ்ச நேரம் ஆகும் என்றாள். தாராளமாக என்று சொல்லிவிட்டு அவன் கல்லாவுக்குப் போனான்.

தரையில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து, ஜாக்கெட்டை ஒவ்வொன்றாக மடியில் எடுத்து வைத்தாள். பையை இரண்டு கையாலும் அமுக்கிக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். நல்ல பை பந்து மாதிரி எதிர்த்து நிற்கும். கீறல் விழுந்தது, சலித்துப்போன கிழவர் மாதிரி மெல்லப் பெருமூச்சு விடும். அறுபதில் நாற்பத்தோரு ஜாக்கெட் பெருமூச்சு விட்டது. மேல்துணிக்குப் புதுச் சாயம், வாருக்குப் புதுக் கொக்கி. வெளியே மாப்பிள்ளை மாதிரி இருந்தது, உள்ளே காச நோய்.

காலர் மடிப்பை அவள் கடைசியில்தான் திருப்பினாள். இருபத்தேழு. இன்னொன்றை எடுத்தாள். இருபத்தேழு. பக்கத்தில் மாதமும் வருஷமும். அவளை வீட்டுக்கு அனுப்பிப் பதினான்கு மாதம் கழிந்த பிறகு விழுந்த முத்திரை. டிராயரில் கிடந்த அவள் நம்பரை அவன் சும்மா விடவில்லை. கழிக்க வேண்டியதையெல்லாம் அவள் பெயரில் தேற்றியிருக்கிறான். நாளைக்கு இந்தத் துறையில் யாராவது மூழ்கினாலும் மடிப்புக்குள் அவள் நம்பர்தான் இருக்கும்.

வீட்டுக்கு நடக்கும்போது தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நின்ற இடத்திலேயே திரும்பினான். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கடையை நொறுக்கிவிட்டு வருகிறேன் என்று குதித்தான்.

"அடிச்சா ரெண்டு நாள் வலிடா. அப்புறம் அவன்தான் பாவம்னு ஊரே சொல்லும்" என்றாள். "எனக்கு அது வேணாம். அவனுக்குத் தண்ணி காட்டணும். நெஜமாவே."

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் துறையில் முப்பது படகுக்காரர்கள் கூடியிருந்தார்கள். சாமானைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குவது என்று சங்கத் தலைவர் சொல்லி அனுப்பியிருந்தார். அவனும் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். அப்போது செக்கரக்கா எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, ஐயா தானே போட்டுக்கொண்டு குதிப்பதாகக் கடையில் சொன்னார் என்றாள். முப்பது பேரும் அவனைப் பார்த்தார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். அவனுக்கு நீச்சல் அவ்வளவாக வராது. ஆனால் வியாபாரம் கண் முன்னால் நின்றது. கண்ணாடியைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்தான்.

ஜாக்கெட்டை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். இருந்ததில் படுமோசமானதை எடுக்கவில்லை. அது ஐந்து நிமிஷத்தில் அமுங்கிவிடும், இவனும் சட்டென்று கரையேறிவிடுவான். நடுத்தரமாகப் பெருமூச்சு விட்ட ஒன்றை கடையில் சோதித்த அன்றே பார்த்து, அடையாளத்துக்கு வாரில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். இடுப்பில் ஒரு கயிறு கட்டி, மறுமுனையைத் தம்பி படகில் பிடித்துக்கொண்டான். இரண்டு ஆள் ஆழத்தில் இறக்கினார்கள். அவளும் படகில் ஏறி உட்கார்ந்தாள்.

முதல் கால் மணி நேரம் அவன் ஜம்மென்று மிதந்தான். கரையைப் பார்த்துக் கையை ஆட்டினான், புதுப்பெண்டாட்டி மாதிரி தாங்குகிறது என்று ஜோக் அடித்தான். முதல் கால் மணி நேரம் இந்த ஜாக்கெட் மிதக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அரை மணி ஆனபோது தோள் தண்ணீருக்குள் போயிருந்தது. ஜோக் நின்றது. நாற்பதாவது நிமிஷம் தாடையைத் தூக்கிக்கொண்டு, போதும், பார்த்தாகிவிட்டது, தூக்குங்கள் என்றான்.

"நீங்கதான ஒரு நாள் மெதக்கும்னு சொன்னீங்க. இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகலையே" என்றாள்.

"யாரும்மா நீ? எதுக்கு இப்படிப் பண்ற?"

அவள் படகின் விளிம்பில் குனிந்தாள். "உங்க காலருக்கு உள்ள ஒரு நம்பர் இருக்கு. அது என் நம்பர். என்னை அனுப்பிப் பதினாலு மாசம் கழிச்சு யார் அதைக் குத்துனது?"

அப்போதுதான் அவன் அவளை அடையாளம் கண்டான். தண்ணீரில் கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள் அகன்றதை அவள் ஒரு வாய் சோறு மாதிரி மென்று விழுங்கினாள். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், தண்ணீர் உள்ளே போனது. இருமினான். வாய் போய் மூக்கு மட்டும் வெளியே நின்றது. தம்பி கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

அவள் உடனே தலையசைக்கவில்லை. மூக்கும் உள்ளே போனது. தண்ணீரின் மேல் மை பூசிய முடி மட்டும் கொஞ்சம் பரந்து தெரிந்தது. அந்தப் பத்தொன்பது வயசுப் பையனுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நினைத்தாள். அதன் பிறகுதான் தலையசைத்தாள். தம்பி கயிற்றை இழுத்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டாள், வியர்த்திருந்தது.

அவனைக் கரையில் கிடத்தி வயிற்றை அமுக்கினார்கள். வாந்தியெடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான். கழற்றிய ஜாக்கெட்டைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. தலைவர் காலர் மடிப்பைத் திருப்பிப் பார்த்தார், கைக்குக் கை மாற்றி எல்லாரும் பார்த்தார்கள். ஜாக்கெட் வேண்டாம் என்று முடிவு செய்ய ஒரு கூட்டமும் தேவைப்படவில்லை.

ஆனால் கயிற்றை வாங்கலாம் என்றாள் செக்கரக்கா. தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவனிடமிருந்து ஒரு குண்டூசிகூட வாங்கக் கூடாது என்றான்.

"கயிறு என்னடா தப்புப் பண்ணுச்சு? நைலான், வெயில் படாம வச்ச சரக்கு. கேனும் நல்லா இருக்கு. கம்பளி மட்டும் பூச்சி அரிச்சது, தொடாதீங்க."

அவளால் அப்படித்தான் சொல்ல முடியும். பழி வாங்க வந்த இடத்திலும் நல்ல கயிற்றைக் கெட்ட கயிறு என்று சொல்ல நாக்கு வரவில்லை. கயிற்றையும் கேனையும், சொட்டச் சொட்ட நனைந்த சட்டையோடு, அவனே வண்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் ஒவ்வொன்றையும் வாங்கி, இழுத்துப் பார்த்து, அடுத்தது என்றாள். அவசரமே படவில்லை.

அன்று சாயங்காலம் தம்பி மெதுவாகக் கேட்டான், நான் உன் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் அவனை அப்படியே விட்டிருப்பாயா அக்கா என்று. தெரியவில்லை என்றாள். கணவர் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே எழுந்து உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் அவளிடம் சரியாகப் பேசவில்லை. அவளும் சமாதானம் சொல்லவில்லை.

துறையில் மூட்டையிலிருந்து சாட்சிக்கென்று எடுத்து வைத்திருந்த இரண்டு ஜாக்கெட்டில் ஒன்றைப் பார்சல் கட்டி, கடிதத்தோடு கிடங்குக்கு அனுப்பினாள். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்தக் காலத்து ஆவணங்கள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன, இருபத்தேழாம் நம்பர் முத்திரை இனி செல்லாது என்று இரண்டு வரி. அதைப் படித்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அதை மடித்து மெஷினுக்கு அடியில் வைத்துவிட்டு மிதிக்க ஆரம்பித்தாள்.

அதிகாரிகள் காதுக்கு எட்டாத சேதி ஊர் வாயில் வேகமாக நடந்தது. ஒரு நாள் மதியம் தையல் அறை வாசலில் ஒல்லியான பெண் ஒருத்தி வந்து நின்றாள். செருப்பைக் கழற்றவில்லை, உள்ளேயும் வரவில்லை. இருபத்தேழு யார் என்று கேட்டாள். மூழ்கிப்போன பையனின் அம்மா. மகனைக் கொன்றது இன்னார் என்று அவளுக்குப் பெயரைச் சொல்லவில்லை, நம்பரைத்தான் சொன்னார்களாம். பன்னிரண்டு வருஷமாக அந்த நம்பரைச் சபித்துக்கொண்டிருந்தாளாம்.

செக்கரக்கா நடந்ததைச் சொன்னாள். பாதியில் நிறுத்தி, மிச்சம் வைத்திருந்த இன்னொரு ஜாக்கெட்டை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தாள். அமுக்கிக் காதில் வைத்துக் கேட்கச் சொன்னாள். அந்த அம்மா அமுக்கினாள். காற்று மெல்ல வெளியேறியது. மறுபடி அமுக்கினாள். உள்ளே காற்று தீரும்வரை அமுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு ஜாக்கெட்டை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "அவன் கடை எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

இருவரும் சேர்ந்தே போனார்கள். கடை பூட்டியிருந்தது, பெயர்ப்பலகையைக்கூடக் கழற்றிவிட்டிருந்தான். போன வாரமே காலி செய்துவிட்டு, ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு துறைமுக ஊரில் இதே கடையைப் போட்டிருக்கிறான் என்று பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார். அங்கே மீன்பிடிப் படகுகள் அதிகம், வியாபாரம் நன்றாக ஓடும் என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

அந்த அம்மா செக்கரக்காவின் முகத்தைப் பார்த்தாள். செக்கரக்கா டீக்கடைக்காரரிடம் அந்த ஊருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.