ஏரிக்குள் போகாத தண்ணீர்

போன வருடத்துக்கு முந்தின வருடம் கார்த்திகை மழையில் நடந்தது இது. திருநள்ளாறு பக்கம், ஏரியை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு.

கல்யாணமாகி வந்த புதிதில் இதைவிடப் பெரிய மழையைப் பார்த்திருக்கிறேன். அப்போதும் தெருவில் வெள்ளம் ஓடியது. ஆனால் நிற்கவில்லை. வாய்க்கால் வழியாக ஏரிக்குள் இறங்கிவிட்டது. மறுநாள் காலையில் வாசலில் கோலமே போட்டேன்.

பிறகுதான் ஏரியைச் சுற்றி வெள்ளத் தடுப்புச் சுவர் என்று ஒன்றைக் கட்டினார்கள். பக்கத்திலேயே நடைபாதை, கலர் விளக்கு. வாய்க்கால் ஏரியில் சேரும் இடத்தைச் சிமென்ட் வைத்து மூடிவிட்டார்கள். கேட்டால், அடுத்த கட்ட வேலையில் மதகு வைப்போம் என்றார்கள். அடுத்த கட்டம் வரவில்லை, மழை வந்துவிட்டது.

வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். என் கணவர் கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு படுத்திருந்தார். கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்கிப் பார்த்தேன். தண்ணீர் ஏறிக்கொண்டேயிருந்தது. அவரைத் தூக்க ஆள் தேடிப் போனபோது சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். ஏரி பாதிகூட நிரம்பவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது எனக்கு.

நடைபாதை சரியாமலிருக்க மணல் மூட்டை அடுக்க, ஜேசிபியோடு ஓர் அதிகாரி வந்திருந்தார்.

"சார், செவுத்த ஒடச்சு விடுங்க. கட்டில் முழுகப் போவுது, அவரால எழுந்திரிக்க முடியாது" என்றேன்.

"மேலேருந்து உத்தரவு வரணும்மா" என்றவர் ஜீப்பில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நான் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கத்தினேன். ஜென்மத்தில் பேசாத வார்த்தையெல்லாம் பேசினேன். ஜீப் கிளம்பிப் போய்விட்டது.

ஜேசிபி ஓட்டிவந்தவர் கீழவாஞ்சூர்க்காரர். இறங்கிவந்து ஏரியையும் எங்கள் தெருவையும் மாறிமாறிப் பார்த்தார்.

"வாய்க்கா எந்த எடத்துலக்கா இருந்துச்சு? காட்டுங்க."

"ஒங்க வேலை போயிடுமே தம்பி."

"அத பொறவு பாத்துக்கலாம். தள்ளி நில்லுங்க."

நாலைந்து இடியிலேயே சுவர் பெயர்ந்தது. எங்கள் வீடுகளில் நின்ற தண்ணீர் இரைச்சலோடு ஏரிக்குள் பாய்ந்தது. பொழுது சாய்வதற்குள் தரை தெரிந்தது; என் கணவர் படுத்திருந்த கட்டில் முழுகவில்லை.

பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக அந்தத் தம்பி மேல் புகார் கொடுத்தார்கள். உடைக்கச் சொன்னதே நாங்கள்தான் என்று தெருவே ஸ்டேஷனில் போய் நின்றோம். புகாரைக் கைவிட்டார்கள், ஆனால் அவருடைய வேலை போனது போனதுதான். மழை விட்டதும் முதல் காரியமாக, மதகு வைக்காமலே அந்த உடைப்பை அடைத்தார்கள்.

முன்பின் தெரியாத ஒருவர் தன் பிழைப்பைக் கொடுத்துத்தான் நாங்கள் தப்பிக்க வேண்டியிருந்தது என்று நினைத்தால், நன்றிக்கு முன்னால் கோபம்தான் வருகிறது. அது ஆறிவிடக் கூடாது என்றுதான் மதகு கேட்டு இன்றும் சுவர் கட்டிய துறையின் அலுவலகத்துப் படியேறுகிறேன்.