தீவு மேப்பில் துறைமுகம்தான் முதலில்

அருள்புரத்தில் ஒரு லைன் வீட்டில் மூன்று பேர் தங்கியிருந்தோம். நானும் இன்னொருவனும் ஒரே பனியன் கம்பெனியில், தைக்கிற ஒவ்வொரு பீஸுக்கும் இவ்வளவு என்று கூலி வாங்கும் பீஸ் ரேட் டைலர்கள். நான் ஓவர்லாக் மெஷினில் துண்டுகளை இணைப்பேன். அவன் எனக்குப் பின்னால் பேட்லாக்கில் உட்கார்ந்து விளிம்பை மடித்து அடிப்பான். என் கையிலிருந்து பண்டல் போகாவிட்டால் அவனுக்கு வேலை கிடையாது. பகலெல்லாம் என் முதுகைப் பார்த்துத் திட்டுவான். அறைக்கு வந்தும் நிறுத்த மாட்டான். மூன்றாமவர் தாராபுரம் பக்கத்துக்காரர், கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிறவர்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பேச்சு முற்றிக் கைகலப்பானது. அவன் கொதிக்கிற சாம்பார்ச் சட்டியை என் மேல் வீசினான். தோள் வெந்துபோனது. நான் குக்கர் மூடியால் அவன் காதோடு சேர்த்து அடித்தேன். காது கிழிந்து பாயெல்லாம் ரத்தம்.

வீட்டுக்கார அம்மா வாசலில் வந்து நின்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. "ஏனுங்க, இது ஊடுங்களா, கறிக்கடைங்களா? நாளைக்குப் பொழுது எறங்கறதுக்குள்ள ஒருத்தரு காலி பண்ணிருங்க. இல்லீனா மூணு பேரும் கெளம்புங்க."

எட்டாவதோடு பள்ளியை விட்ட பிறகு சூரத், பெல்லாரி, ஈரோடு என்று எத்தனையோ அறைகளில் படுத்திருக்கிறேன். சண்டை வந்தால் பையைத் தூக்குகிறவன் எப்போதும் நான்தான். இந்த முறை தூக்குவதில்லை என்றிருந்தேன். அவனும் அசையவில்லை.

மறுநாள் மத்தியானம் பேட்டர்ன்காரர் தன்னுடைய இரண்டு பழைய லேப்டாப்புகளையும் வயரால் இணைத்தார். ஞாயிறுதோறும் நாங்கள் ஆடும் விளையாட்டுதான். கொஞ்சம் குடியானவர்களை வைத்து மரம் வெட்டி, ஊர் கட்டி, படை திரட்டி, எதிராளியை அழிக்க வேண்டும்.

"அடிச்சுக்கறத இதுல அடிச்சுக்கங்க. தோத்தவரு போயிரோணும். சரிங்களா?"

நிலத்தில் ஆடினால் அவன்தான் ஜெயிப்பான். நான் தீவு மேப் கேட்டேன். நான் கடலோரத்தில் வளர்ந்தவன், அவன் கோவில்பட்டிக் கரிசல்காரன்.

"மீன் தின்னிப் பய தண்ணியக் கேக்கான் பாரு," என்று சிரித்தான். "ஏலே, தண்ணிக்குள்ளயே வச்சுப் பொதைக்கேன்."

தீவில் முதலில் கட்ட வேண்டியது துறைமுகம். நிலத்தில் ஆடிப் பழகியவர்கள் குதிரைக்காரனை அனுப்பித் தீவைச் சுற்றுவார்கள், படைக்கூடம் கட்டுவார்கள், மதில் எழுப்புவார்கள். சுற்றிலும் கடல் இருக்கும்போது மதில் எதற்கு? நான் குடியானவர்களில் பாதிப் பேரை மரத்துக்கு விட்டேன். துறைமுகம் எழுந்ததும் மீன்படகுகள். சோற்றுக்கு மீன் வந்துவிட்டால், இந்த ஆட்டத்தில் வயலுக்குச் செலவழிக்கிற மரமும் கப்பலுக்கு மிஞ்சும். ஆட்டத்தின் அடுத்த யுகத்துக்குப் போனதும் சிப்பாய் ஒருவனைக்கூட எடுக்காமல், நெருப்பைக் கக்கும் தீக்கப்பல்கள் விட்டேன்.

அவனுடைய தீவை நான் கண்டுபிடித்ததும் முதலில் அவனுடைய மீன்படகுகளை எரித்தேன். பிறகு கரையோரம் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்களை. அவர்கள் ஓட ஓட எரிந்தார்கள். ஸ்பீக்கரில் அலறல் கேட்டது. என் தோள் எரிச்சல் அப்போது தெரியவில்லை.

ஆனால் அவனிடம் படை இருந்தது. வாள்காரர்களை ஒரு பெரிய கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தான். அந்தக் கப்பல் என் கரையைத் தொட்டிருந்தால் என் கதை முடிந்திருக்கும். என்னிடம் தடுக்க ஆளே இல்லை. பாதிக் கப்பல் நிறைந்தபோதே அவன் புறப்பட்டிருக்கலாம். புறப்படவில்லை. எங்கள் தொழிலில் ஒரு பீஸ் குறைந்தாலும் பண்டலை அடுத்த மெஷினுக்குத் தள்ள முடியாது, செக்கிங்கில் முகத்திலேயே வீசுவார்கள். வருஷக்கணக்காக அப்படியே பழகிய கை. கடைசி ஆள் வரும்வரை கப்பலைக் கரையிலேயே நிறுத்தி வைத்திருந்தான்.

நான் மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டேன். கப்பல் எரிந்து கவிழ்ந்தது. உள்ளே இருந்த மொத்தப் படையும் ஒரே கூச்சலோடு தண்ணீருக்குள் போனது. அதன்பின் அவன் துறைமுகத்தை எரித்தேன். கரையோர வீடுகளையும் விடவில்லை.

அவன் திரும்பி, தலையால் என் வாயில் முட்டினான். முன்பல் ஒன்று கீபோர்டின் மேல் விழுந்தது. நான் அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினேன். காதுக் கட்டு அவிழ்ந்து மறுபடி ரத்தம் வந்தது.

"அய்யோ, லேப்டாப்பு மேல வழியுதுங்க! எறங்கி அடிச்சுக்கங்க!" பேட்டர்ன்காரர் இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு மூலைக்கு ஓடினார்.

வீட்டுக்கார அம்மா மறுபடி வாசலில் நின்றார். "யாருங்க போறது?"

பிடியை விட்டேன். அவன் மூச்சு வாங்கினான். பொய் சொல்லுவான் என்றுதான் நினைத்தேன்.

"நாந்தான் போறேம்மா," என்றான். பிறகு என்னிடம், "முழுசா ஏறியிருந்தா நீ செத்தலே."

"அதான் ஏற விடல."

அவன் துண்டை உருவி, டிபன் பாத்திரத்தைச் சுற்றிப் பைக்குள் திணித்தான். ஒருவன் அறையைவிட்டுப் போவதை உள்ளே நின்று பார்த்தது எனக்கு அதுதான் முதல் முறை. நான் போன அறைகளில் நின்றவர்களும் இப்படித்தான் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றிருப்பார்கள் போலிருக்கிறது. அவன் வெளியே செருப்பைத் தேடினான். என் செருப்புக்கு அடியில் கிடந்தது. காலாலேயே இழுத்துப் போட்டுக்கொண்டு படியிறங்கினான். நான் வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்ப, அவன் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்தேன்.