அக்கா முளைகட்டிய கம்பு

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு நாளுக்கு வந்து இந்த அஞ்சலி மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நட்புகளுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். இதில் நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்பது வழக்கம். என்னால் முடிந்தவரை முயன்றிருக்கிறேன்.

அக்கா கனகசெட்டிக்குளத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். கடலுக்குப் போன அப்பா திரும்பாத வருடம், பள்ளிக்கூடத்தை விட்டு மீன் கூடை தூக்கினார். தன் தம்பியான என் அண்ணனைப் படிக்க வைத்தார், என்னைக் கட்டிக் கொடுத்தார். அவருக்கு மாப்பிள்ளை பார்க்கத்தான் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. பிறகு மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனார். கம்பெனி மூடியதும் முதலியார்பேட்டையில் அண்ணன் வீட்டோடு வந்து தங்கினார்.

"சும்மா உக்காந்து சாப்புட எனக்குத் தொண்டையில எறங்காதுடி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வந்த மாதமே வீட்டின் பின்பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கத் தொடங்கினார்.

கோழிகளுக்குக் கம்பை முளைகட்டித்தான் போடுவார். பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியில் காய்ச்சிய ஆணியால் ஓட்டை போட்டு வைத்திருந்தார். ஊறவைத்த கம்பை அதில் கொட்டி ஈரச் சாக்கால் மூடுவார். காலையும் மாலையும் அலசுவார். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும், ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கோழிகளுக்குப் போடுவார். அண்ணிக்கு அந்தச் சாக்கு வாடை ஆகாது. முட்டை மட்டும் ஆகும். தெருவில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அக்காவின் முட்டை போகும். மீதியை விற்று, மாத்திரைக்கும் காப்பித்தூளுக்கும் தம்பியிடம் கை நீட்டாமல் இருந்தார். அவருடைய மானம் அந்தக் கோழிகளில் இருந்தது.

மழை தொடங்கிய நேரத்தில் அக்கா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் படுத்தபடியே அண்ணனிடம் சொன்னார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"தம்பி, ரெண்டு வேளையும் கம்ப அலசுடா. புளிச்ச வாடை அடிச்சா கோழிக்குப் போடாத, தூக்கிக் கொட்டிடு."

"சரிக்கா, நான் பாத்துக்கறேன். நீ தூங்கு."

அண்ணன் பார்த்துக்கொள்ளவில்லை. வாளி மூடியபடியே கிடந்தது. கோழிகள் பசியில் கத்தியதும், பூஞ்சை பிடித்த கம்பை அண்ணி அப்படியே கொட்டிவிட்டார். ஒரு கோழிகூட மிஞ்சவில்லை.

தவறிவிட்டது என்று அக்காவிடம் சொல்லியிருக்கலாம். திட்டிவிட்டு மன்னித்திருப்பார். அண்ணனோ கடையில் முட்டை வாங்கி, அவித்து எடுத்து வந்து, "உன் கோழி போட்டதுதாங்கா, சாப்பிடு" என்றார். அக்கா பிட்டுப் பார்த்தார். மஞ்சள்கரு வெளுத்திருந்தது. அண்ணனின் முகத்தைப் பார்த்தார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

வீடு திரும்பியபோது கோழிக்கூண்டு இல்லை. அந்த இடத்தில் சிமெண்டு போட்டு, அண்ணன் மகனின் கார் நின்றது. "கோழிங்கள எல்லாம் நல்ல எடத்துல குடுத்துட்டோம்கா" என்றார் அண்ணன்.

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்காதான் அன்று சாயங்காலம் வந்து உள்ளதைச் சொன்னார். "எல்லாம் செத்துப்போச்சுக்கா. பூஞ்ச புடிச்ச கம்பப் போட்டுட்டாங்க. நான் செவுத்தாண்ட வந்து எட்டிப் பாக்குறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு." அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். எலும்பு முறிந்த வலிக்குக்கூட அவர் அப்படி அழவில்லை.

டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். அக்கா எழுந்திருக்கவே இல்லை. "நடந்து எங்கடி போறது? பின்னால காருதான நிக்குது" என்றார் என்னிடம். பொங்கலுக்கு முன்பே கண்ணை மூடிவிட்டார்.

படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்ட நர்சம்மாவுக்கு எங்கள் நன்றி. தினமும் கஞ்சி கொண்டுவந்து ஊட்டிய நூர்ஜஹான் அக்காவுக்கும் நன்றி. கஞ்சிக்கு மட்டும் இல்லை, உண்மையைச் சொன்னதற்கும்.

"குடும்பத்தார் அன்பில் குறையேதுமின்றி நிம்மதியாக மறைந்தார்" என்று இந்தக் கட்டுரையை முடிக்கச் சொன்னார் அண்ணன். அக்கா உயிரோடு இருந்தபோது அண்ணன் அவரிடம் இரண்டு பொய் சொன்னார். மூன்றாவதை அக்காவின் படத்துக்குக் கீழே அச்சடிக்க நான் சம்மதிக்கவில்லை.