சிவம் வெட்டிய பங்கர்

வன்னிச் சண்டை முடிந்து மூன்றாம் வருடம். அவுஸ்திரேலியாவில் பெரிய வறட்சி போய், வெள்ளம் வந்து வடிந்து, புல் இடுப்பளவுக்கு வளர்ந்து காய்ந்து கிடந்த கோடை. அந்தப் புல்லின் மணம் இப்பவும் மூக்கில் நிற்கிறது... வைக்கோலும் ஆட்டுப் புழுக்கையும் கலந்த மணம்.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்ல மகள் ரைப் பண்ணுகிறாள். ஞாபகம் மட்டும் இன்னும் பிசகவில்லை.

கடலால் போய் இறங்கி, அகதிக் காம்பிலிருந்து வெளியே விட்ட பிறகு, மூன்று பேர் ஒரு சின்ன ஊரில் ஆட்டிறைச்சிப் பக்டரி வேலைக்குப் போனோம். நான், மன்னார் மரியதாஸ் அண்ணை, முல்லைத்தீவுச் சிவம். மூன்று பேருக்கும் ஒரு வாடகை வீடு. ஊரென்றால் ஒரு கடைத்தெரு, ஒரு சேர்ச், ரயில் நின்றுபோன ஸ்ரேசன், ஒரு மண்டபம். மண்டபச் சுவரில் பழைய காட்டுத்தீ ஒன்றில் செத்தவர்களின் பெயர்ப் பலகை. பக்கத்து வீட்டுக் கிழவர் கென்னின் தகப்பன் பெயரும் அதில் இருந்தது. மரியதாஸ் அண்ணைதான் வாசித்துச் சொன்னார். எங்களில் இங்கிலிஷ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

தீ வந்தால் அந்த ஊரில் சைரன் ஊதும். கென்னும் ஆட்களும் தீயணைக்கும் லொறிக்கு ஓடுவார்கள். மற்றவர்கள் எல்லோரும் விளையாட்டுக் கிரவுண்டுக்குப் போகவேண்டும். அங்கே புல்லை ஒட்ட வெட்டித் தண்ணீர் அடித்து வைத்திருப்பார்கள், நெருப்பு ஏறாது. கென்னின் மனைவி டோரீன் நடுவில் நின்று தெருத்தெருவாக, வீடுவீடாகப் பெயர் கூப்பிடுவார். கையில் தாளொன்றும் இல்லை. ஊரே அவருடைய வாயில் இருந்தது. கூப்பிட்டால் குரல் கொடுக்க வேண்டும். குரல் வராத ஆளைத் தேடிப் போவார்கள்.

கிழமைக்கொரு நாள் சைரனை ஊதிச் சோதிப்பார்கள். முதல் தடவை ஊதியபோது நாங்கள் மூன்று பேரும் குசினித் தரையில் குப்புறக் கிடந்தோம். பிறகு நானும் மரியதாஸ் அண்ணையும் எழும்பிச் சிரித்தோம்.

சிவம் எழும்பவில்லை.

கடைசிச் சண்டையில் அவனுடைய மனைவியும் மகளும் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது ஷெல் விழுந்து செத்தவர்கள். அவன் பங்கருக்குள், மண்ணில் வெட்டிய பதுங்குகுழிக்குள், இருந்தபடியால் தப்பினான்.

அடுத்த ஞாயிறே பின்வளவில் ஒரு பங்கர் வெட்டத் தொடங்கிவிட்டான். நெஞ்சளவு ஆழம், உள்ளே வளைந்து போக ஒரு முடக்கு. கைவிட்ட ரயில் பாதையிலிருந்து சிலிப்பர் கட்டைகளை இழுத்துவந்து மேலே அடுக்கி மண் போட்டான். வன்னியில் எங்கள் ரயில் கட்டைகளும் பங்கருக்குத்தானே போயின...

கென் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“ஆரைப் புதைக்கப் போறாயெண்டு கிழவன் கேக்குது,” என்றார் மரியதாஸ் அண்ணை.

“புதைக்க இல்லை அண்ணை. புதைபடாமல் இருக்கிறதுக்கெண்டு சொல்லுங்கோ.”

கென் சிரித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தார். கட்டையைக் காலால் தட்டினார். முகம் மாறிப்போனது. நீளமாக என்னவோ சொன்னார்.

“நெருப்பு வந்தால் உதுக்குள்ளை போகவேண்டாமாம். கட்டையிலை தார் ஊறியிருக்காம், புகை மூச்சை அடைக்குமாம். கிரவுண்டுக்கு வரட்டாம்.”

“வெட்டை வெளியிலை வந்து நிக்கச் சொல்லுறார்.” சிவம் கையிலிருந்த மண்ணைத் தட்டினான். “வெட்டையிலை நிண்டதுகள் இப்ப எங்கையெண்டு அந்த மனிசனுக்குத் தெரியுமோ?”

மரியதாஸ் அண்ணை அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. எனக்கும் மரியதாஸ் அண்ணைக்கும் வேலை, சிவத்துக்கு லீவு. மத்தியானம் சைரன் ஊதியது... நிற்கவே இல்லை. பக்டரியை நிறுத்தி எங்களை அப்படியே கிரவுண்டுக்கு ஏற்றிப் போனார்கள். ஈரத் துவாயால் மூக்கை மூடிக்கொண்டு சனம். குதிரை, நாய், கூட்டோடு ஒரு கிளி. சூரியன் செம்பு மாதிரி.

டோரீன் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். எங்கள் வீடு வந்தது. மரியதாஸ் அண்ணை குரல் கொடுத்தார். நான் கையைத் தூக்கினேன்.

“சிவா.”

சிவத்தை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துத் திரும்பவும் கூப்பிட்டார்.

“சிவா.”

எனக்கு இங்கிலிஷ் வராது. “பங்கர்” என்றேன். அந்தச் சொல் அவருக்கு விளங்கியது. லொறியில் இருந்த கென்னுக்கு ரேடியோவில் கத்திச் சொன்னார். ஆனால் எங்கள் தெருவுக்கு முன்னால் நெருப்புக் குறுக்கே நின்றது. லொறியால் போக முடியவில்லை.

நெருப்புத் தாண்டிய பிறகு எங்களையும் டோரீனையும் கூட்டிப்போனார்கள். வீட்டில் ஒரு கண்ணாடிகூட வெடிக்கவில்லை. பின்வேலியும் புல்லும் அந்தக் கட்டைகளும்தான் எரிந்திருந்தன. கென் கட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து எறிந்தார். சிவம் முடக்கில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தான். உடம்பில் காயமில்லை, மூச்சும் இல்லை. பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல், ஒரு விசுக்கோத்துப் பெட்டி.

கென் குழிக்கரையில் குந்தி ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். மரியதாஸ் அண்ணை என் காதுக்குள் சொன்னார், “சொன்னனான் எல்லோ, சொன்னனான் எல்லோ எண்டுது கிழவன்.”

சிவம் சைவக்காரன், எரிக்க வேண்டும். எப்படி அடக்கம் செய்வதென்று கென் வந்து கேட்டபோது மரியதாஸ் அண்ணை என்னைப் பார்த்தார். “நெருப்பிலை வைக்கவேணுமெண்டு எந்த வாயாலை இவரிட்டைச் சொல்லுறது?”

சொல்லவில்லை. அந்த ஊர் மண்ணிலேயே தாட்டோம். அன்றைக்கு அவனுக்காகக் கடைத்தெரு முழுக்கப் பூட்டிக் கிடந்தது. மண்டபத்துப் பலகையில் கென்னின் தகப்பன் பெயருக்குக் கீழே சிவத்தின் பெயரையும் வெட்டிப் பதித்தார்கள்.

பிறகு மகள் என்னை ரொறன்ரோவுக்குக் கூப்பிட்டுவிட்டாள். ஸ்காபரோவில் நாலாம் மாடியில் இருக்கிறேன். இந்தக் கோடையும் வடக்குக் காட்டுத்தீப் புகை வந்து ஊரை மூடியது. அப்படி ஒரு நாள் எங்கள் பில்டிங்கில் பயர் அலாம் அடித்தது. நான் செருப்பைக் கொழுவிக்கொண்டு படியால் இறங்கினேன். கீழே நானும் செக்கியூரிட்டித் தமிழ்ப் பொடியனும்தான்.

“அங்கிள், அது சும்மா அடிக்குது. ஒருத்தரும் வரமாட்டினம். மேலை போங்கோ.”

இத்தனை கதவுகள்... என் எதிர்க்கதவில் இருப்பவரின் பெயர் எனக்குத் தெரியாது. என் பெயர் அவருக்கும் தெரியாது.

கென் போய்ச் சேர்ந்துவிட்டார். மரியதாஸ் அண்ணையைக் கொரோனா கொண்டுபோனது. அன்றைக்கு அந்தக் குழிக்கரையில் நின்றவர்களில், எங்கள் மூன்று பேரின் பெயரையும் சேர்த்துக் கூப்பிடத் தெரிந்த ஆள் என்னைத் தவிர இன்னும் ஒருவர்தான் உயிரோடு இருக்கிறார்.

டோரீன்.