படாக் கதவுக்குப் பின்னால் மகள்

அந்தமானின் கராச்சர்மாவில் அந்தக் கான்கிரீட் வீட்டை, மூன்றாம் வகுப்புப் படிப்போடு கப்பலேறிய நானே நின்று கட்டினேன். அன்று பகலில் காது கேளாத என் மகள், நிறைமாதக்காரி, உள்ளே தாழிட்டிருந்தாள். மணியை அழுத்தினால் உள்ளே எரியும் விளக்கு, கரண்ட் போனதால் எரியவில்லை. பலகைத் தரையென்றால் வாசலில் உதைத்தாலே அதிர்வில் எழுந்துவிடுவாள். நான் போட்ட கான்கிரீட் தளம் அசையுமா? மயங்கிக் கிடக்கிறாளோ என்று பதறிக் கதவை இடித்தேன்.

"சாச்சா, தர்வாஜாவ உடைச்சிருவோமா?" என்றான் பக்கத்து வீட்டுக்காரன்.

"படாக் மரம்டா! யானை வந்தாலும் உடையாது!"

வேலையிலிருந்து ஓடிவந்த மருமகனுக்கும் காது கேளாது. டிபன் மூடியில் வெயிலைப் பிடித்து, வெண்டிலேட்டர் வழியே உள்ளே ஆட்டினார்.

கதவு திறந்தது. தூக்கம் கலையாத மகள், வீங்கிய என் கையைப் பார்த்துக் கணவனிடம் விரல்களால் கேட்டாள்: "அப்பா கதவையா தட்டினாரு?"

இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். நான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.